கொசுறாக வந்த வேகம்

புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் பெல் நிறுவனத்தின் குழாய் ஆலை ஒன்று இருக்கிறது. 2013இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அனல்மின் நிலையங்களில் உயரழுத்த நீராவியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அங்கே தயாராகின்றன. அப்படிப்பட்ட குழாயின் ஆயுளை அழுத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உலோகம் எந்தச் சூட்டில் எத்தனை மணிநேரம் கிடந்தது என்பதும் கணக்கில் சேரும். குறித்த சூட்டைவிடச் சில பத்து டிகிரி கூடுதலாக ஓட்டினால் குழாய் அன்றைக்கே வெடித்துவிடாது; ஆனால் அதன் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விளையாட்டு இன்னும் வேகமாக ஓடவேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டை, குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டி, ஓவர்கிளாக் செய்கிறவர்களும், தெரிந்தோ தெரியாமலோ, இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், ஒரு காலத்தில் பயனர் கையிலிருந்த கூடுதல் வேகம் மெல்ல மெல்லத் தயாரிப்பாளர் கைக்குப் போய்விட்டது தெரியும். பயனரிடம் இன்று மிஞ்சியிருப்பது சூட்டைக் குறைக்கும் வேலை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் புதுக்கோட்டைச் சீமையில் அந்த வேலைக்கு மதிப்பு அதிகம்.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் பலகையில் வேகத்தைத் தீர்மானிக்கும் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று செருகியிருந்தது. அதில் பாதியான 6 மெகாஹெர்ட்ஸில் சில்லு ஓடியது. படிகத்தைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் அதே சில்லு 8இல் ஓடும். பலர் அப்படிச் செய்ததால், வேகத்தைச் சோதித்துத் தடுக்கும் நிரலை ஐபிஎம் பின்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்தப் பழக்கம் உச்சத்துக்குப் போனது 1998இல், இன்டெலின் செலரான் 300ஏ வந்தபோது. சில்லை மெமரியோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. பெரும்பாலான சில்லுகள் அதைத் தாங்கவும் செய்தன. பாதிக்குப் பாதி கூடுதல் வேகம், காய்கறிக் கடைக் கொசுறு மாதிரி காசில்லாமல் கிடைத்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வரும் சில்லுகளில் தரமானவை நிறைய இருந்தாலும், சந்தை மலிவான மாடலை அதிகம் கேட்கும்போது நல்ல சில்லுக்கும் குறைந்த வேகத்தையே எழுதி விற்பார்கள்.

கிராபிக்ஸ் கார்டுகளிலும் இதேதான் நடந்தது. கார்டின் வேகத்தை மாற்றும் ரிவாட்யூனர் போன்ற மென்பொருள் வந்தபின் திருப்புளிகூடத் தேவைப்படவில்லை. நகர்த்துபட்டையைத் தள்ளினால் போதும். ஆனால் 2012 எல்லாவற்றையும் மாற்றியது. அந்த ஜனவரியில் ஏஎம்டியின் ரேடியான் ஹெச்டி 7970, 925 மெகாஹெர்ட்ஸில் கடைக்கு வந்தது. வாங்கியவர்கள் அதை ஆயிரத்துக்கு மேல் சுலபமாக ஓட்டினார்கள். ஜூன் மாதத்தில் ஏஎம்டியே அதே சில்லை 1000 மெகாஹெர்ட்ஸ் என்று குறித்து விற்றது. இடையில், மார்ச்சில், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 இன்னும் ஒரு படி மேலே போனது. 1006 மெகாஹெர்ட்ஸ் உறுதி, மின்சக்தியில் இடமிருந்தால் அதற்கு மேலும் கார்டு தானாகவே ஏறும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 2013இல் டைட்டன் கார்டு வந்தபோது வெப்பநிலையும் அந்தக் கணக்கில் முக்கிய இடம் பிடித்தது. அன்றிலிருந்து, குளிர்ச்சியாக இருக்கும் கார்டு தானாகவே வேகமாக ஓடுகிறது. கொசுறையும் விலையில் சேர்த்துவிட்டார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சூடு கார்டின் ஆயுளைக் குறைக்கும் என்ற கவலைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்றைய கார்டு அளவுக்கு மீறிச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் அணைந்துவிடும், பிறகு என்ன பயம் என்று கேட்கிறார்கள். அந்தக் காவல் உண்மையானது. அதனால்தான் ஓவர்கிளாக் செய்த கார்டு பட்டென்று கருகுவது அரிது. ஆனால் அது உடனடிச் சாவைத்தான் தடுக்கும், மெதுவான தேய்மானத்தைத் தடுக்காது. சில்லுக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பியில் மின்னோட்டம் அணுக்களை இழுத்துக்கொண்டு போகும். அதனால் கம்பியின் ஆயுள் மின்னோட்ட அடர்த்தியோடும் வெப்பத்தோடும் எப்படிக் குறைகிறது என்பதை மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969இலேயே சமன்பாடாக எழுதினார். அறை வெப்பமும் இதில் அப்படியே வந்து சேரும். 22 டிகிரி அறையில் 68 டிகிரியில் நிற்கும் கார்டு, ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால், ஏசி இல்லாத 38 டிகிரி திருமயத்து அறையில் ஏறக்குறைய 84க்குப் போகும். குளிர்நாட்டு ஆய்வறையில் ‘பாதுகாப்பு’ என்று எழுதிய எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் ஓவர்கிளாக்கே வேண்டாமா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. கார்டின் திறனை முழுதாக வாங்க நினைப்பது நியாயமான ஆசை. விலை கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு. எங்கே கைவைப்பது என்பதில்தான் என் வாதம். சில்லு தின்னும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 1.05 வோல்ட்டில் ஓடுவதை அதே வேகத்தில் 0.90 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால் அந்த மின்சக்தியில் கால்பங்குக்கு மேல் குறையும். சூடு குறைந்ததும், வேகத்தைக் கூட்ட இடம் பிறக்கும். எனவே முதலில் கேபினெட்டின் தூசியைத் தட்டி, காற்று உள்ளே வந்து வெளியேற வழிசெய்து, வோல்ட்டேஜைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மைய வேகத்தை 15, 20 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரமாவது பாரமான விளையாட்டு ஒன்றை ஓட்டிச் சோதிக்க வேண்டும். அதையும் மாலையில் அல்ல, மே மாதத்து நண்பகலில் செய்வதே சரி. திரையில் புள்ளிகள் சிதறினாலோ விளையாட்டு நின்றுபோனாலோ இரண்டு படி இறங்கிவிட வேண்டும். மெமரி விஷயத்தில் மட்டும் கண்ணை நம்ப முடியாது. புதிய கார்டுகளின் மெமரி தவறான தரவைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பிக்கொள்ளும். அதனால் எல்லை தாண்டியபிறகும் படம் சுத்தமாகவே தெரியும், நொடிக்கு வரும் பிரேம்கள் மட்டும் குறைந்துகொண்டே போகும். மெமரி வேகத்தை ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிரேம் எண்ணிக்கையைக் குறித்துவைத்து, அது ஏறாமல் நின்ற இடத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.