பைக்காரா மின்சாரமும் கொங்கு நாட்டுத் தொழில்களும்

பள்ளியில் வரலாறு கற்பித்த நாட்களில், 1932-ஆம் ஆண்டின் சிறப்பு யாதென மாணவரை வினவினால் பூனா ஒப்பந்தம் என்பர். அது சரியான விடையே. ஆயின் அதே ஆண்டில் நீலகிரிச் சிங்காராவில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. பாடநூலில் இல்லாததற்கு மாணவரை நோவானேன்!

கோவைச் சீமைக்குப் பருத்தி புதிதன்று. 1888-இலேயே இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அங்கு நூற்பாலை நிறுவினார். எனினும் அடுத்த நாற்பதாண்டுகளில் எழுந்த ஆலைகள் சிலவே. நீராவி எந்திரத்திற்கு வேண்டிய நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து ரயிலில் வரவேண்டியிருந்ததன்றோ? சென்னை மாகாண அரசு, சி. பி. இராமசாமி ஐயர் நிர்வாக சபையில் இருந்த காலத்தில் ஊக்கம் பெற்ற பைக்காரா திட்டத்தை 1929-இல் தொடங்கி, மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்று குழாய் வழியே நீரை வீழ்த்தி மின்சாரம் எடுத்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை வீழ்ந்து கிடந்த வேளை அது. நிலத்திலும் வட்டியிலும் முடங்கிய பணம் ஆலைப் பங்குகளை நாடிற்று. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றுட் பெரும்பாலானவை நூல் மட்டுமே நூற்றமையால், கைத்தறியாளருக்கு நூல் அருகிலேயே கிடைத்தது. எந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் தோன்றின. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரையே உள்ளூரில் உருவாக்கினர்.

இதுகாறும் சொன்னது ஆலை முதலாளி மகிழத்தக்க வரலாறு. கிணற்றடிக்குச் சென்றால் கதை வேறு.

கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுத் தோற்பை நீரோடு மேலேறும். இதற்குக் கவலை என்று பெயர். அத்தோலைப் பதனிட்டுத் தைத்தவரும், ஆண்டுக் கூலிக்குக் கட்டுப்பட்டு விடியுமுன் கவலை ஓட்டியவரும் மாதாரி மக்கள். உருளை செய்தவர் தச்சர். இரும்பு வேலை கொல்லருடையது. விடுதலைக்குப் பின் மின்கம்பிகள் சிற்றூர்களுக்குள் நீண்டு, பம்பு செட்டுகள் பெருகியபோது இவர்கள் அனைவர் தொழிலும் ஆட்டம் கண்டது. உளியும் சம்மட்டியும் பழகியவருக்குப் பட்டறையில் இடம் தேடிக்கொள்ள வழியிருந்தது. தோல் தைத்தவரின் கைத்திறனைக் கேட்பார் இல்லை. ஆலை வேலைக்கோ மேஸ்திரியின் தயவு வேண்டும்.

இதை முற்றிலும் இழப்பென்று கூற என் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக் கட்டு அறுந்ததும் அம்மின்சாரத்தால்தான். பண்ணையாரின் சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தவர், நாட்கூலி எங்கு மிகுதியோ அங்கு செல்லலாயினர். ஆயினும் திட்டம் வகுத்தோர் ஆலைக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கணக்கிட்டனரேயன்றி, எத்தனை கவலைகள் நிற்கும் என்று கணக்கிட்டாரல்லர். பழைய கிணறுகள் சிலவற்றின் ஓரத்தில் எருதுகள் இறங்கிய அச்சரிவு இன்றும் புல் மண்டிக் கிடக்கிறது.