மண்டபம் முகாம்

கண்டிச் சீமை என்ற இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஜனங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, மாத்தளை வரையில் ஏறக்குறைய 150 மைல் காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்தார்கள். நல்ல தண்ணீர் அரிதான அந்த வடக்குப் பாதையில், கூட்டத்தில் ஒருவனுக்கு வாந்திபேதி கண்டால், ஆட்களை அழைத்துச் சென்ற கங்காணி மற்றவர்களை முடுக்கிக்கொண்டு மேலே நடந்துவிட, நோயாளி வழியோரத்தில் தனியே கிடந்து மாளுவதும், நோயோ நடந்தவர்களோடு நடந்து தோட்டம் வரையில் போய்ச் சேருவதும் வழக்கமாயிருந்தன.

இவ்வளவு மரணங்களும் உண்டாக்காத கலக்கத்தை, 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் உண்டாக்கியது. வடக்குப் பாதை மூடப்பட்டது. கூலிகள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். தட்டப்பாறையிலும் ராகமையிலும் அவர்களை நிறுத்திவைத்துச் சோதிக்கும் முகாம்கள் எழுந்தன. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலத்தின் வழியே ரயிலும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாம் பிரதான வாயிலாயிற்று.

ஊரைவிட்டுப் புறப்படும்போதே, போகவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லை ஒன்று கூலியின் கழுத்தில் ஏறிவிடும். முகாமில் துணிமணிகளை வாங்கிச் சுத்தி செய்தார்கள், அம்மை குத்தினார்கள், ஐந்தாறு நாள் உள்ளேயே நிறுத்திவைத்து, வைத்தியர் பார்த்து அனுமதித்த பிறகே ரயிலேற்றினார்கள். இந்த நாட்கணக்கு காரணமற்றதன்று. பேதிக் கிருமி உடலில் புகுந்தவனுக்குப் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் நோய் வெளிப்பட்டுவிடும். வைசூரியோ இரண்டு வாரம் வரையில் ஒளிந்திருக்கக்கூடுமாதலால், அதற்குக் காவல் போதாது, குத்திக்கொள்வதே காப்பு. மேல்வகுப்புச் சீட்டு வாங்கியவர்களுக்கு இத்தனை கெடுபிடி இருக்கவில்லை. கிருமி வகுப்புப் பார்த்து ஏறுவதில்லை என்பது அன்றைய வைத்தியர்களுக்கும் தெரிந்ததே. ஆயினும் வடக்குப் பாதையில் விழுந்த பிணங்களை நினைக்கும்போது, அவமானமும் அலைக்கழிப்பும் நிறைந்த அந்த முகாமே பல உயிர்களைக் காத்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1916-இல் ராக்கபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் குடலில் அப்புழு குடியிருந்து இரத்தத்தை உறிஞ்சுவது தெரியவந்தது. பின்னர் மண்டபத்திலேயே வருவோருக்கு அதற்கு மருந்து கொடுத்தார்கள். மருந்துண்டு தேறிய மனிதன் போய்ச் சேர்ந்த இடமோ, கக்கூஸ் இல்லாத லயன் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசை. மழையில் ஊறிய மலைச்சரிவில், மலம் கலந்த மண்ணை வெறுங்காலால் மிதித்துக் கொழுந்து பறித்தவளின் பாதத்தில் அதே புழு மீண்டும் துளைத்து ஏறியது. கக்கூஸ் கட்டச் சொன்னபோது, வீண் செலவு என்று தோட்டத் துரைமார் பலர் தயங்கினார்கள். வாயிலில் அத்தனை விழிப்பாயிருந்தவர்கள், வீட்டுக்குள் வந்தவனுக்கு ஒரு கக்கூஸ் கட்டித்தரக் கணக்குப் பார்த்தார்கள்.