கடுதாசி: கப்பல் சீட்டு கடிதமான வரலாறு

கடுதாசி என்றால் தமிழ்நாட்டில் கடிதம். யாழ்ப்பாணத்துக் கடதாசியோ வெறும் தாள். சிங்களத்திலும் தாளுக்குக் கடதாசி என்றே பெயர். இச்சொற்களுக்கு மூலமாக அகராதியாளர் காட்டுவது ‘கர்த்தாஸ்’ என்ற போர்த்துகீசியச் சொல். கிரேக்கத்தில் பப்பைரஸ் தாளைக் குறித்த சொல் அரபியில் ‘கிர்தாஸ்’ ஆகி, அங்கிருந்து போர்த்துகீசியத்துக்குப் போனது.

16ஆம் நூற்றாண்டில் கர்த்தாஸ் என்பது போர்த்துகீசியர் கப்பலுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு. கப்பலின் பெயர், அளவு, நகுதா எனப்படும் கப்பல் தலைவரின் பெயர், ஏற்றிய ஆயுதங்கள், போய்ச்சேரும் துறை ஆகியவை அதில் எழுதப்பட்டன. மிளகு முதலிய சரக்குகளை ஏற்றத் தடை இருந்தது. சீட்டில்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கோடு பறிமுதல். சீட்டுக்கு வாங்கிய கட்டணம் சொற்பம்தான். போர்த்துகீசியத் துறையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையில்தான் வருமானம் இருந்தது. அரபியிலிருந்து வந்த ஒரு சொல்லைக் கொண்டே அரபு வணிகரின் கப்பல்களையும் மறித்தார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

சோழமண்டலக் கரையில் இந்தப் பிடி மேற்குக் கரையில் இருந்த அளவுக்கு இறுகவில்லை. நாகப்பட்டினத்திலும், சிதம்பரத்துக்கு வடகிழக்கே வெள்ளாற்று முகத்தில் உள்ள பரங்கிப்பேட்டையிலும் குடியேறிய போர்த்துகீசியர் பலர் தனி வணிகர். கோவாவிலிருந்த போர்த்துகீசிய அரசின் ஆணை அவர்களிடமே முழுதாகச் செல்லவில்லை. ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதுத்துறை, என்பது அவர்கள் பரங்கிப்பேட்டைக்கு இட்ட பெயர். அங்கிருந்து மரக்காயர் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு மலாக்கா, அச்சே, கெடா துறைகளுக்கு ஓடின. ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு ஒதுங்கி, காற்றின் திசை பார்த்தே பாய் விரிப்பார்கள். மலாக்கா 1511 முதல் போர்த்துகீசியர் கையில் இருந்ததால், அந்த வழியில் சீட்டுக்கு மதிப்பிருந்தது.

பின்னால் வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதே முறையைத் தங்கள் பெயரில் நடத்தினார்கள். 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்போதும் சீட்டு பெரும்பாலும் கப்பலுக்குத்தான். பயணி ஒவ்வொருவரிடமும் ஆவணம் கேட்கும் முறை இந்தியாவில் 1920ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தோடு நிலைபெற்றது. அதற்குள் கடுதாசி கடலை விட்டுத் தபால்காரர் பைக்குள் போய்விட்டிருந்தது. புது ஆவணத்துக்கு வேறு பெயர் தேவைப்பட்டது.

வழி என்று பொருள்படும் ‘கடவு’ என்னும் பழஞ்சொல்லோடு சீட்டைச் சேர்த்துக் கடவுச்சீட்டு என்றார்கள். இலங்கையில் அது அரசு வழக்கு. தமிழ்நாட்டில் செய்தித்தாள்களிலும் பாடநூல்களிலும் காணப்படும். கடலூர் முதுநகரிலோ குடிகாட்டிலோ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் கேட்பது பாஸ்போர்ட்தான்.