மக்மஹோன் போட்ட அட்டவணை

ராமானுஜன் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரே சித்திரம்தான்: கும்பகோணத்து வீட்டுத் திண்ணை, மடியில் சிலேட்டு, கனவில் வந்து சூத்திரம் சொல்லும் நாமகிரித் தாயார். அவருடைய பக்தி உண்மையானது. ஆனால் அந்தச் சித்திரத்தோடு நின்றுவிட்டால், அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் மறைந்துபோகிறார்கள். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்துகொண்டே, இரவில் அவரோடு சிலேட்டைப் பகிர்ந்துகொண்ட நாராயண ஐயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அவரையும்விட அதிகமாக மறக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. பெர்சி அலெக்சாண்டர் மக்மஹோன். பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் மேஜராக இருந்தவர்; எண்களைக் கூட்டிப் பிரிக்கும் கணிதத்தில் அந்நாளைய பெரும்புள்ளி.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 10-க்கு 42 விதம். 100-க்குப் போனால் 19 கோடியைத் தாண்டிவிடும். இந்தப் 'பிரிவினை' எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தைத்தான் கேம்பிரிட்ஜில் ராமானுஜனும் ஹார்டியும் தேடினார்கள். அப்படி ஒரு துல்லியமான சூத்திரம் இருந்தே தீரும் என்ற உள்ளுணர்வு ராமானுஜனுடையது. அதை நிரூபணமாக்கும் பகுப்பாய்வுக் கருவிகள் ஹார்டியின் கையில் இருந்தன. கிடைத்த விடை சரிதானா என்று யார் சொல்வது?

மக்மஹோன் சொன்னார். 1 முதல் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்குமான விடையையும் கையாலேயே கணக்கிட்டார். ஆய்லர் காட்டிய வழியில், ஒரு விடையைப் பெற அதற்கு முந்தைய விடைகள் சிலவற்றைக் கூட்டியும் கழித்தும் வரவேண்டும். 200-க்கு மட்டும் அப்படி 22 எண்கள். நடுவில் ஓர் இலக்கம் பிசகினால் அதன் பிறகு வருவதெல்லாம் பிசகு. அவர் கண்ட கடைசி விடை 3972999029388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் வந்தது 3972999029388.004. ஏறத்தாழ நான்கு லட்சம் கோடியில் வித்தியாசம் அவ்வளவுதான்! 1918-இல் வெளியான கட்டுரையோடு அந்த அட்டவணையும் அச்சாகியது. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டுரை அந்த வடிவில் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அட்டவணையின் பயன் அதோடு முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜன் கண்ணில் வேறொன்று பட்டது. 4, 9, 14, 19, 24 ஆகிய எண்களுக்குரிய விடைகள் 5, 30, 135, 490, 1575. எல்லாமே 5-ஆல் வகுபடுபவை. ஐந்தைந்தாகத் தாண்டிப் போனால் இது எப்போதும் நடக்கும் என்று 1919-இல் நிரூபித்தார். 7-க்கும் 11-க்கும் இதுபோலவே உண்டு என்றார். இம்மூன்றின் அடுக்குகளுக்கும் இதே ஒழுங்கு தொடரும் என்று ஊகித்தார்.

1920-இல் அவர் மறைந்தார். பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா, மக்மஹோனைப் போலவே பொறுமையாக உட்கார்ந்து, அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைப் புரட்டிய சர்வதமன் சௌலா, 243-க்கு நேரே இருந்த விடையில் நின்றார். ராமானுஜனின் ஊகப்படி அது 343-ஆல், அதாவது 7-இன் மும்மடியால், வகுபட வேண்டும். வகுபடவில்லை. 7-ஐப் பற்றிய ஊகத்தைத் திருத்தி, திருத்திய வடிவத்தை 1938-இல் நிரூபித்தவர் இங்கிலாந்தின் வாட்சன். 11-க்கான நிரூபணம் 1967-இல் அட்கின் கையால் வந்தது.

(தொடரும்)