கையெழுத்தா, கடிதமா?

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் பெரும்பாக்கம் வரும். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்டது. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு முதலான 41 பழைய நூல்கள் இந்நிறுவனத்தின் ஆய்வுக்கு அடிப்படையாகும். இவற்றுள் பல, 150 ஆண்டுகளுக்கு முன்பு ஏட்டுச் சுவடிகளாகவே கிடந்தன. அவை எவ்வாறு அச்சேறின? இக்கேள்விக்கு விடை சொல்லும் பழைய கடிதக் கட்டு ஒன்று சென்னையின் தென்பகுதியிலேயே இருக்கிறது.

அக்கடிதங்கள் டாக்டர் உ. வே. சாமிநாதையருக்கு வந்தவை. அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சுவடி தேடி அவர் ஊர் ஊராக அலைந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தத் தேடலில் பாதி, தபால் மூலமாகவே நடந்தது எனலாம். தமக்கு வந்த கடிதங்களில் 3,000க்கும் மேற்பட்டவற்றை அவர் பாதுகாத்து வைத்தார். அவை பெசன்ட் நகரில், அவர் பெயரால் 1943இல் நிறுவப்பட்ட நூல்நிலையத்தில் உள்ளன. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் ‘கடிதக் கருவூலம்’ என்ற பெயரில் 2018இல் நூலாக வெளிவந்தன.

எழுதியவர்களில் ஜி. யு. போப், பாரிஸிலிருந்து தமிழிலேயே எழுதிய ழூலியன் வின்சோன், சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற புகழ் பெற்றவர்கள் உண்டு. இன்று பெயர் மறந்துபோன பலரும் உண்டு. ஐயர் இருசாராரின் கடிதங்களையும் ஒன்றுபோலவே காத்தார். இதன் அருமையை உணர, பிரான்ஸ் நாட்டில் நடந்த ஒரு மோசடியைப் பார்ப்போம்.

அறிஞர் ஏமாந்த கதை

மிஷேல் ஷால் என்பவர் வடிவியலில் பெரும் புகழ் பெற்ற கணித அறிஞர். பெரியோர்களின் கையெழுத்தைச் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. வ்ரேன் லூக்கா என்பவன் அவருக்கு 27,000க்கும் மேற்பட்ட போலிக் கடிதங்களை விற்றான். கிளியோபாத்ரா சீசருக்குப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதமும் அவற்றுள் ஒன்று!

ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டுபிடித்துவிட்டார் என்று காட்டும் கடிதங்களை, 1867இல் ஷால் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். பாஸ்கல் இறந்தது 1662இல். ஆனால் கடிதத்தில் கண்ட கோள்களின் கணக்குகளோ, 1726இல் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிபியா’ மூன்றாம் பதிப்பில் உள்ளவை! இறந்து 64 ஆண்டுகள் கழித்து வந்த எண்களைப் பாஸ்கல் எப்படி எழுதியிருக்க முடியும்? குட்டு வெளிப்பட்டது. 1870இல் லூக்காவுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

லூக்கா பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து எழுதியவன். ஆகவே, தாள் பழையது என்பதால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது, எங்கே காக்கப்பட்டது, உடனிருக்கும் மற்றக் கடிதங்களோடு ஒத்துப்போகிறதா என்பவையே உறுதியான சான்றுகள். கட்டிலிருந்து பிரித்து, கையெழுத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டினால் இந்தச் சான்றுகள் அனைத்தும் அழிந்துவிடும். ஐயரின் கட்டுக்கு மதிப்பு தருவது, அது கட்டாகவே இருப்பதுதான்.

மையும் தாளும்

கடிதங்களுக்கு வேறு பகைகளும் உண்டு. முற்காலத்தில் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து ஒருவகை மை செய்தார்கள். மாசிக்காயிலுள்ள டானினும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடிய இந்த மை, எழுதும்போது வெளிறியிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் கருக்கும். ஆனால் அதிலுள்ள அமிலம் நாளடைவில் தாளை அரிக்கும். சில பழைய ஆவணங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிவிட்டதுண்டு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மரக்கூழ்த் தாள் பெருகியது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருளும், உற்பத்தியின்போது சேர்த்த படிகாரமும் தாளை மஞ்சளாக்கி, நொறுங்கச் செய்கின்றன. சென்னையின் கடற்காற்றும் ஈரமும் இச்சிதைவை விரைவுபடுத்தும்.

நீங்கள் செய்யக்கூடியது

இந்தியாவில் காலணாக் கார்டு 1879இல் வந்தது. அதன்பின் ஏழை வீடுகளுக்கும் கடிதம் வந்தது. வளைத்த கம்பியில் கடிதங்களைக் குத்தித் தொங்கவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது அல்லவா? சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்தவுடன் கிழித்தெறியும் வழக்கமும் இருந்தது. அதனால் ஒரு குடும்பத்தின் இறப்புத் தேதிகள் எத்தனையோ மறைந்துபோயின.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டு இருந்தால், முதலில் அதன் வரிசையைக் கலைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசியையும் கம்பியையும் மெல்ல எடுத்துவிடுங்கள். உறையை எறியாதீர்கள், அதிலுள்ள தபால் முத்திரைதான் நாளையும் ஊரையும் சொல்லும். செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறையாக்கும். லாமினேஷனும் வேண்டாம், பின்னர் அதைப் பிரிக்க இயலாது. வெயிலும் ஈரமும் படாத பெட்டியில், கடிதங்களை விரித்து வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவருக்கு என்ன உறவு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் குறித்து வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நல்லது.

உங்கள் கட்டில் போப்பின் கையெழுத்து இல்லாமலிருக்கலாம். நெல் விலை, ரயில் கட்டணம், பரவிய நோய், மழை பெய்த நாள் ஆகியவை இருக்கும். வருங்கால வரலாற்று ஆசிரியர் தேடப்போவது இவற்றையும்தான்.