பிளஸ் டூ பொருளியல் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூக்ளி ஆற்றில் கல்கத்தா நோக்கி ஏறிவந்த கம்பெனிக் கப்பல்களில், மீசை முளைத்தும் முளைக்காத ஆங்கிலேயப் பையன்கள் பலர் இருந்தார்கள். கார்டன் ரீச்சையும் கிடர்பூரையும் தாண்டித்தான் அவர்கள் நகருக்குள் நுழைய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாக வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பே பொருளாதாரம் படித்து முடித்திருந்தார்கள். இன்று கிடர்பூரிலும் கும்பகோணத்திலும் பதினாறு வயதில் பிள்ளைகள் தொடங்கும் பொருளியல் பாடத்தின் ஆதி வகுப்பு அவர்களுடையதுதான்.

தன் ஊழியர்களுக்குப் பயிற்சி தர கம்பெனி 1806-இல் இங்கிலாந்தில் ஒரு கல்லூரி தொடங்கியது. அது பின்னர் ஹெய்லிபரியில் நிலைத்தது. அங்கே பாடம் நடத்தியவர், மக்கள்தொகை பற்றிய கட்டுரையால் புகழ்பெற்ற தாமஸ் மால்தஸ். பிரிட்டனில் பொருளாதாரத்துக்கென்று நியமனம் பெற்ற முதல் பேராசிரியர் அவர். ஆடம் ஸ்மித்தின் நூலை வைத்துக்கொண்டு, 1834-இல் இறக்கும்வரை கற்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள்.

அந்தப் படிப்பு இந்தியாவில் என்ன செய்தது என்பதற்கு புணே வட்டாரமே சாட்சி. மால்தஸிடம் படித்த ஆர்.கே. பிரிங்கிள், 1820-களின் பிற்பகுதியில் அங்கே நிலவரி நிர்ணயிக்கும் பொறுப்பேற்றார். விளைச்சலின் மதிப்பிலிருந்து சாகுபடிச் செலவைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவதில் 55 சதவீதம் சர்க்காருக்கு. வகுப்பில் கற்ற நில வாரக் கோட்பாட்டின் நேரடிப் பிரயோகம் இது. ஆனால் வயல்வெளியிலிருந்து திரட்டிய கணக்குகள் நம்பத் தகுந்தவையாக இல்லை. வரி குடியானவர்களால் தாங்க முடியாததாயிற்று. பலர் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கோட்பாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் குடியானவர்கள் தங்கள் வயிற்றால் அறிந்தார்கள்.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறந்தன. ஆள வந்தவர்களின் பாடம் ஆளப்பட்டவர்களின் வகுப்பறைக்கு வந்தது. ஆனாலும் வெகுகாலம் அது வரலாற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணைப்பாடம்தான். கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜி துணைவேந்தராக இருந்தபோது மின்டோ பேராசிரியர் பதவி உருவானது. 1909-இல் மனோகர் லால் அதில் அமர்ந்தார். இந்தியாவில் பொருளியலுக்கென்றே அமைந்த முதல் பேராசிரியர் இருக்கை அது.

சென்னைக்கு 1915-இல் பொருளியல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் படிக்கும் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கே அவர் செய்த காரியம் எளிமையானது, ஆனால் பெரியது. மாணவர்களின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமத்துக்குப் போய் விசாரித்து வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி பணமா நெல்லா, கடனுக்கு வட்டி என்ன, கிணறு எத்தனை என்று பையன்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்களின் வாழ்க்கை அப்படித்தான் 1918-இல் புத்தகமானது. பிற்காலத்து ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருவேல்பட்டு இந்த நூற்றாண்டிலும் ஆராயப்பட்டது. பட்டம்கூட வாங்காத மாணவர்கள் திரட்டிய விவரம் நூறு ஆண்டுகள் பயன்பட்டிருக்கிறது.

இந்தப் படிப்பு எந்த வயதில் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கும் கல்கத்தாவிலிருந்தே ஒரு பதில் வந்தது. 1917 முதல் 1919 வரை அங்குள்ள பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த சாட்லர் குழு, கல்லூரியின் இன்டர்மீடியட் வகுப்புகளில் நடப்பது உண்மையில் பள்ளிக்கூட வேலை, பல்கலைக்கழகம் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்றது. அந்த யோசனை முழுதாக நிறைவேற அறுபது ஆண்டுகள் பிடித்தன. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1953-இல் இன்டர்மீடியட்டை எடுத்துவிடச் சொன்னது. கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. (புகுமுக வகுப்பு) வந்தது. பிறகு கோத்தாரி குழு (1964-66) பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பை வகுத்தது. மேற்கு வங்கத்தில் மேல்நிலைக் கல்விக்கான கவுன்சில் 1975-இல் அமைந்தது. தமிழ்நாட்டில் 1978-இல் பள்ளிகளில் பிளஸ் ஒன் தொடங்கியது.

இது வெறும் நிர்வாக மாற்றம் அல்ல. பி.யு.சி. காலத்தில் பொருளாதாரம் படிக்க வேண்டுமானால் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும், விடுதிக்கோ பஸ்ஸுக்கோ பணம் வேண்டும். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கிய வீடுகள் ஏராளம். பிளஸ் டூ வந்ததும் அந்தப் பாடம் சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்கு, தமிழிலேயே வந்துவிட்டது. காமர்ஸ் குரூப்பில் சேர்ந்து படித்து வங்கிக்கும் தணிக்கை அலுவலகத்துக்கும் போன முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பாதை அங்கிருந்துதான் தொடங்கியது. நம் கல்வி வரலாற்றில் கொண்டாட வேண்டிய நிகழ்வு இது.

ஆனால் வரும் வழியில் ஸ்லேட்டரின் கேள்வித்தாளைத் தொலைத்துவிட்டோம். தேவை வளைகோடு ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு, தன் தெருவில் கந்துவட்டி எவ்வளவு என்று தெரிவதில்லை. கிடர்பூர் மாணவருக்கு இந்தப் பாடமெல்லாம் வாசலிலேயே கிடக்கிறது. கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, 1892-இல் திறந்த கப்பல்துறை அது. ஆற்றில் வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்தது, கப்பல்களோ பெரிதாகிக்கொண்டே போயின. அதற்காகவே 1970-களில் ஃபராக்கா தடுப்பணையும் ஹால்டியா துறைமுகமும் வந்தன. சரக்கு இடம் மாறினால் சுமை தூக்கியவர் பிழைப்பு என்ன ஆகும்? இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாளில் வெளிநாட்டுச் சாமானுக்குப் பேர்போன அங்குள்ள ஃபேன்சி மார்க்கெட், 1991-இன் தாராளமயத்துக்குப் பிறகு எப்படிப் பிழைக்கிறது? ஒரு நோட்டோடு போய்க் கேட்டால் செலவு, சந்தை, வேலைவாய்ப்பு என்று பாதிப் புத்தகம் அங்கேயே விளங்கிவிடும்.

தமிழ்நாட்டில் பொருளியல் தாளுக்கு அகமதிப்பீடாக 10 மதிப்பெண் இருக்கிறது. ஆசிரியர்களே, அந்தப் பத்தையாவது ஊர்க் கணக்கெடுப்புக்குக் கொடுங்கள். ஒரு தெரு, இருபது வீடு, ஒரு கேள்வித்தாள் போதும். இந்தப் பாடம் இந்த மண்ணில் நன்றாக விளைந்தது பிள்ளைகள் வெளியே போய்க் கேட்ட காலத்தில்தான்.