மூடிக்கிடந்த நாட்களின் வரலாறு: புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள்

விழா மலருக்குப் பாடசாலை வரலாறு எழுதுகிறவர்கள் அதிபர்களின் பெயர்வரிசையில் தொடங்கி, கட்டடங்கள் திறக்கப்பட்ட ஆண்டுகளைச் சொல்லி, பரீட்சைப் பெறுபேறுகளில் முடிப்பது வழக்கம். அவற்றை எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். புளத்கொகுபிட்டிய, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் மூடிக்கிடந்த நாட்களைப் பற்றி நான் எழுதுகிறேன். எதனால் மூடினார்கள், மறுபடி எப்படித் திறந்தார்கள், நடுவில் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் லயத்துப் பிள்ளைக்குப் பாடசாலை எவ்வளவு பெரிய துணை என்பது விளங்கும்.

2016 மே 17ஆம் திகதியிலிருந்து தொடங்கலாம். நாட்கணக்கில் விடாமல் பெய்த மழையில் அன்று கேகாலை மாவட்டத்தின் மலைகள் இரண்டு இடங்களில் பெரிதாகச் சரிந்தன. அரநாயக்கவில் சாமசர மலை இறங்கிச் சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய ஊர்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நாடு முழுவதும் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. புளத்கொகுபிட்டிய களுபஹனவில் லயக் குடியிருப்பின் மேல் மண் இறங்கித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 16 பேர் அகப்பட்டதை வெளியூரில் சொன்னால், அப்படியா என்று கேட்கிறவர்களே அதிகம். நமக்கு அது பக்கத்து வீட்டு இழவு.

மண்சரிந்த அன்றிரவே சனங்களை எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி எழும். தோட்டத்தில் கூரை பெரிதாக உள்ள பொதுக்கட்டடங்கள் மூன்றுதான்: தொழிற்சாலை, கோயில், பாடசாலை. தொழிற்சாலையைத் தோட்ட நிர்வாகம் எளிதில் விடாது. கோயிலில் நூறு பேர் படுக்க இடம் காணாது. ஆகவே பாடசாலை முகாமாகிறது. மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டுகிறார்கள். தரம் மூன்று வகுப்பறையில் நான்கு குடும்பங்கள், கரும்பலகை ஆணியில் ஈரத்துணி, அதிபரின் அறையில் அரிசி மூட்டைகள். அந்த இரவில் அதைவிடச் சரியான பயன்பாடு அந்தக் கட்டடத்துக்கு இருக்க முடியாது. ஆனால் இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருக்கும்போதுதான் சிக்கல். வீட்டை இழந்த பிள்ளை பாடசாலையையும் இழக்கிறது. வீட்டை இழக்காத பிள்ளையும் கூடவே இழக்கிறது. பெரிய பையன் சவர்க்காரத்தூள் கொட்டிய தரையில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கொழும்பில் கடையில் நிற்கலாம் என்று கிளம்பிவிடுகிறான். சரிவில் சாகாத படிப்புகள் முகாமில் சாகின்றன.

பாடசாலை நேரத்துக்கு உயிரைக் காக்கும் வலுவும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் புதைந்தபோது, அதற்குள் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, வீடும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மறுநாள் முழுதாக மீதியிருந்தது வகுப்பும் ஆசிரியரும் மட்டும்தான்.

இந்த இடத்தில் பாடசாலை அலுமாரியில் இருக்கும் இரண்டு புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று சேர்விடாப்பு. பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பெற்றார் பெயர், இருப்பிடம், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் ஒரே வரியில் அதில் இருக்கும். மற்றது சம்பவத் திரட்டு. அதிபர் அன்றன்று நடந்ததைத் தன் கையெழுத்தில் பதிவது. மண் லயத்தை மூடும்போது பிறப்புச் சான்றிதழும் அதற்குள் போய்விடுகிறது. அது இல்லாமல் தேசிய அடையாள அட்டை எடுப்பது கடினம். அடையாளத்தை உறுதிப்படுத்தாமல் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போக முடியாது. பாடசாலைப் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் வழியாகத்தான் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகிறது. அப்போது அந்தப் பிள்ளை இன்னார், இன்ன திகதியில் பிறந்தது, இன்ன தோட்டத்தைச் சேர்ந்தது என்று எடுத்துக் காட்டக் கையில் இருக்கும் தாள் சேர்விடாப்பின் அந்த ஒரு வரி. 1948 பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் நாடற்ற நிலையையும், தாள் கேட்டு அலையும் தலைவிதியையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த வரலாறு உள்ள சனங்களுக்கு இடாப்பில் ஒரு வரி எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பாடசாலைகளின் பிறப்பே தயவில் நடந்ததுதான். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் கொடுத்தது. துரைக்கு வேண்டியது கொழுந்தும் றப்பர் பாலும். பத்து வயதுக்கு மேல் படிப்பு எதற்கு என்று அவர் கேட்டார். சட்டமும் அவ்வளவில் நின்றது. ஒரு மடுவம், ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்பு. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் பிள்ளைகளுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலை தோட்டத்தின் கையிலேயே கிடந்தது. 1970களில் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாகி, அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில்தான் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது.

நடுவில் ஒரு பஞ்சம் வந்தது. 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் சனங்கள் பட்டினி கிடந்து செத்தார்கள். வயிறு காய்ந்த பிள்ளை படிக்க வராது. வந்தாலும் சுவரில் சாய்ந்து தூங்கும். கேகாலைக்கு இதற்கு முன்பும் ஒரு பெருந்துயர் உண்டு. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்த மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. சூரியமல் இயக்கத்தார் மருந்தோடும் பருப்போடும் ஊர் ஊராக நடந்தார்கள். அப்படி வந்த கலாநிதி என். எம். பெரேராவைச் சனங்கள் ‘பருப்பு மஹத்தயா’ என்று அழைத்தார்கள். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. மருந்தும் உணவும் நிவாரணம் என்பது அன்றே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. படிப்பும் நிவாரணம்தான் என்பதை உலகம் ஏற்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் இனக்கலவரத்தில் சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்கள் எரிந்தன. உயிருக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் காணியோடு முன்பள்ளிகளையும் அமைத்துக் கொடுத்தது. ஓடிவந்த சனத்துக்குக் கூரை போட்ட கையோடு சின்னப் பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தது அவர்கள் செய்த அரிய காரியம். ராஜசுந்தரம் 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அப்படி வன்னிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கம்பிக்குள் இருந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அந்த முகாம் மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். கூடாரத்தில் படித்து, வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, மேசையில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை மூன்று இடப்பெயர்வுகளில் படிப்பை விடாமல் இழுத்துக்கொண்டு போனது என்றால், அது நம் வரலாறும்தான். நமது இடாப்புகளில் ‘விலகியது’ என்று மட்டும் எழுதி முடித்த பெயர்கள் அவர்களுடையவை.

படிப்பும் நிவாரணம்தான் என்ற பாடம் வெளியுலகத்திலும் அழிவிலிருந்தே கற்கப்பட்டது. 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் யுனிசெப் ஒரு பெட்டியைப் பரவலாக்கியது. அலுமினியப் பெட்டி, 40 பிள்ளைகளுக்குப் போதுமான கொப்பிகள், பென்சில்கள், ரப்பர்கள், கத்தரிக்கோல்கள், நேரம் சொல்லிக் கொடுக்க ஒரு பொம்மைக் கடிகாரம். மூடியின் உட்புறத்துக்குத் தனியான பூச்சு அடித்தால் அதுவே கரும்பலகை. ஆசிரியர் ஒருவரும் நிழல் தரும் மரம் ஒன்றும் இருந்தால் பாடசாலை தொடங்கிவிடும். 2004 டிசம்பரில், நெருக்கடிக் காலக் கல்விக்கான குறைந்தபட்ச நியமங்கள் உலகளவில் வெளிவந்தன. அந்த மாதமே ஆழிப்பேரலை வந்து நமது கரையோரப் பாடசாலைகளை அடித்துப்போனது. கட்டடம் பிறகு வரட்டும், வகுப்பு முதலில் வரட்டும் என்பதே அந்தப் பெட்டி சொன்ன செய்தி. நமக்கு இது அந்நியமான யோசனையல்ல. ஒற்றை மடுவத்தில் ஐந்து வகுப்பை நடத்தியவர்கள் நாம்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மண் சரியவில்லை, தீ எரியவில்லை; பாதை மட்டும் அடைபட்டது. வாட்ஸ்அப்பில் பாடம் என்றார்கள். லயத்தில் ஒரு கைபேசி. அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏற வேண்டும். செயலட்டைகளை அச்சடித்து லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் காகிதமும் தீர்ந்தன. ஆசிரியர் வர பஸ் இல்லை, வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லை. இந்த இரண்டு காலத்திலும் விட்டுப்போன பிள்ளைகளில் பலர் இன்று கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் நிற்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட எந்தச் சுற்றறிக்கையும் போதவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடு முழுவதும் மண்சரிந்து, நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை நடுவில் நின்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து மூன்று நிலை எச்சரிக்கை விடுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரில் விழிப்பு, 100இல் எச்சரிக்கை, 150இல் வெளியேற்றம். இந்த எண்களைத் தரம் ஆறிலிருந்தே நம் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பாடசாலையில் ஒரு மழைமானி இருந்தால் அவர்களே அளந்து எழுதலாம்.

முகாம் தேவைப்படும் நாள் மறுபடி வரும் என்று வைத்துக்கொண்டே சில காரியங்களை இப்போதே கேட்போம். சனங்கள் தங்க வகுப்பறையல்லாத தனி மண்டபம் ஒன்றைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் சேர்ந்து கட்ட வேண்டும். இடம் இல்லாவிட்டால், முகாம் போட்ட மூன்றாம் நாளே கோயில் முற்றத்திலாவது வகுப்பு கூட வேண்டும். 1980 முதல் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல்களும், 1993 முதல் கிடைக்கும் சீருடைத் துணியும் அனர்த்தத்தில் இழந்த பிள்ளைக்கு அந்த வாரமே மறுபடி கிடைக்க வழி வேண்டும். சேர்விடாப்பின் படியொன்று பாடசாலைக்கு வெளியே, மேட்டில் இல்லாத ஒரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், எந்த ஆண்டு எதனால் விலகினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாடசாலை அலுவலகத்தில் கொடுங்கள். வெளிநாட்டிலோ வன்னியிலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் உறவுகளிடமும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். இடாப்பில் ‘விலகியது’ என்று முடிந்த வரிகளை அந்தத் தாள்களை வைத்து நிரப்பத் தொடங்குவோம்.